நீச்சல் குளத்தின் அடியில் எல்லோரும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். அதில் போன வருடத்திலிருந்து, ஒரே ஒரு நாள் தவிர, சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை நாங்களாகச் சொல்ல மாட்டோம். யாராவது எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டால் "பம்ப் ரிப்பேர்" என்போம். பம்புக்கு ஒரு கேடும் இல்லை. அந்தக் குளத்தில் ஆமை செத்துப்போனான்.

ஆமை என்பது நாங்கள் வைத்த பேர். முதல் மாடி டிராயிங் டீச்சரின் தம்பி. அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அக்கா இடுப்பிலேயே வளர்ந்து, அவளுக்குக் கல்யாணம் ஆனபோது கூடவே வந்துவிட்டவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஆனால் தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆழமான பக்கம் போய், மூச்சு முழுவதையும் குமிழி குமிழியாக விட்டுவிட்டு, அடியில் மல்லாந்து அசையாமல் கிடப்பான். "காத்து உள்ள இருந்தா உடம்பு மேல வந்துடும்க்கா. எல்லாத்தையும் விட்டுட்டாத்தான் கீழ தங்கலாம்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறான். மேலே நிற்கிறவர்கள் பயந்து அலற ஆரம்பித்ததும் புஸ்ஸென்று எழும்பி வந்து பல்லைக் காட்டுவான். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த கைதட்டல் எல்லாம் அதற்குத்தான்.

எங்கள் சங்கத்து செக்ரட்டரி, வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், ஓய்வு பெற்றதற்குக் குளக்கரையில் பார்ட்டி வைத்தார். அன்றைக்குத்தான் ஆமை கீழே போனவன் எழும்பவில்லை. என் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து நான் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் குடியிருப்பில் குழாயடிச் சண்டை முதல் கல்யாண ரத்து வரை எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை. நடந்ததிலேயே பெரியது நடந்தபோது நான் இல்லை. திரும்பி வந்து வீடு வீடாக விசாரித்தேன். ஒருத்தர் கேக் எடுக்கத் திரும்பியிருந்தாராம். ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தாராம். ஒருத்திக்குக் கண்ணில் தூசி. குளத்தைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்றிருக்கிறார்கள். அத்தனை பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்படி ஒரு பார்ட்டியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டி என்று போயிருந்தாள். அவள் வீட்டுக்காரர், டயர் கம்பெனியில் சேல்ஸ் வேலை, மச்சானுக்குத் துண்டெடுக்க மேலே போயிருந்தார். துண்டோடு இறங்கி வந்தவர்தான், இவன் இன்னும் எழும்பவில்லையா என்று பதறி, சட்டையோடு குதித்துத் தூக்கியது. அதற்குப் பிறகு அந்த மனுஷர் எங்களிடமெல்லாம் பேசுவதை விட்டுவிட்டார். "பாவம், நல்ல மனுஷன்" என்று குடியிருப்பே சொன்னது. நானும்தான்.

டீச்சர் அழுது ஓய்ந்த பிறகு எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லிப்டில் கேட்பாள், காய்கறிக் கடையில் கேட்பாள்.

"அவன் கீழ கிடந்தப்ப யாராவது பாத்தீங்களா? சும்மா சொல்லுங்க. நான் சண்டைக்கு வர மாட்டேன். கடைசியில எப்படி இருந்தான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். துடிச்சானா, இல்ல சும்மா இருந்தானா?"

யாரும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்ததும் படியேறிப் போக ஆரம்பித்தார்கள். லிப்டுக்கு அந்த வருடம் நல்ல ஓய்வு.

இப்படி இருக்கையில்தான் சங்கக் கூட்டத்தில் செக்ரட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். குளம் காய்ந்து கிடப்பதால் வீட்டு விலை இறங்குகிறதாம். திறந்தே ஆக வேண்டுமாம். பழசு ஞாபகம் வராமல் இருக்க, அடித்தரையில் அழகாகப் படம் வரையலாம் என்றார். ஏதோ ஓட்டலில் டால்பின் பார்த்தாராம்.

பின்வரிசையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "டால்பின் வேணாம் சார். நம்ம ஆளுங்களையே வரையலாம். எல்லாரும் நீந்துற மாதிரி. ஒவ்வொருத்தரா வந்து தரையில படுங்க. நான் வரஞ்சு தரேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள். வெளியே வந்ததும் பல் டாக்டரம்மா என் காதைக் கடித்தாள். "என்னங்க இது, இவளுக்கு மனசு கல்லா?"

"மறக்கப் பாக்கறா போலிருக்கு" என்றேன் நான், பெரிய மனோதத்துவ நிபுணி மாதிரி.

மறக்கவில்லை என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. என் பால்கனி குளத்தைப் பார்த்தது. அது போதாதென்று, கையில் பிளாஸ்க்கில் டீயை வைத்துக்கொண்டு, டீச்சருக்கு ஒத்தாசை என்ற சாக்கில் கீழேயே போய் உட்கார்ந்துகொண்டேன். "உனக்கு அங்க என்ன உத்தியோகம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "மேற்பார்வை" என்றேன்.

அவள் வேலை செய்த விதம் இதுதான். வருகிறவர் முதலில் குளக்கரை ஷவரில் நின்று தலையிலிருந்து கால்வரை நனைய வேண்டும். சொட்டச் சொட்ட ஏணியில் இறங்கி, காய்ந்த சிமெண்டுத் தரையில் அவள் காட்டுகிற இடத்தில் படுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவிடலாம். படுத்த இடத்தில் ஈரம் ஓர் ஆள் வடிவத்தில் நிற்கும். வெயில் அதைத் தின்பதற்குள் அவள் முட்டி போட்டுக்கொண்டு, ஓரத்தோடு ஓரமாகச் சாக்பீஸை ஓட்டிவிடுவாள். உடம்பு எங்கே பாரத்தை இறக்கியதோ அங்கே ஈரம் கருப்பாக, கடைசிவரை இருக்கும். தூக்கிப் பிடித்த இடம் பட்டென்று காய்ந்துவிடும். அவள் அதையும் விடாமல் குறித்துக்கொள்வாள். பிற்பாடு வண்ணம் தீட்டும்போது அங்கே ஆழ்ந்த நீலம், இங்கே வெளிர் நீலம்.

"சும்மா சுத்திக் கோடு போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"ஆளு படுத்திருக்கும்போது கோடு போட்டா வெளிப்பக்கம்தான் கிடைக்கும்க்கா. இதுல உடம்பு தானா விட்டுட்டுப் போறது கிடைக்கும்."

முதல் ஆள் செக்ரட்டரிதான். அரை டிராயரில் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்காமலேயே என் காலம் ஓடிவிடும்.

"காலைக் கொஞ்சம் அகட்டுங்க சார். நீந்துற மாதிரி."

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா."

"பரவாயில்ல. இங்கதான் தண்ணி இல்லையே."

அவர் சிரித்தார். வயிறு தனியாகச் சிரித்து அடங்கியது. டீச்சர் அவர் தலைமாட்டில் குந்தி, மேலிருந்து அவர் முகத்தைப் பார்த்தபடி, அதே குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு அவன் கீழ கிடந்தப்ப பாத்தீங்களா சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதற்குத்தான் படம் வரைகிறேன் என்று முன்வந்திருக்கிறாள். லிப்டில் என்றால் தப்பித்துப் படியேறலாம். ஈர உடம்போடு குளத்துக்குள் மல்லாந்து கிடக்கிறவர் எங்கே ஓடுவார்?

"நான்தான் கேக் வெட்டிட்டு இருந்தேனேம்மா" என்றார் செக்ரட்டரி, வானத்தைப் பார்த்து.

"சரி சார். எந்திரிங்க."

அவர் எழுந்த இடத்தில் தோளும் இடுப்பும் குதிகாலும் அப்பட்டமாக இருந்தன. கைகள் மட்டும் சரியாக விழவில்லை. உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக இரண்டு ஈரப் பொட்டு. மனுஷர் முஷ்டியை இறுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். டீச்சர் அந்த உருண்டையைச் சுற்றியும் சாக்பீஸை ஓட்டினாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஜிம் தம்பி மார்பை விடைத்துக்கொண்டு படுத்தான். பல் டாக்டரம்மா, "முடி விரிஞ்சு பரவுற மாதிரி போடுங்க டீச்சர்" என்று கட்டளையிட்டுக்கொண்டு படுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். டீச்சர் எல்லோரிடமும் கேட்டாள். எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்து இல்லை என்றார்கள். எல்லோருக்கும் கை உருண்டையாக விழுந்தது.

என் முறையும் வந்தது. படுத்தேன், எழுந்தேன், திரும்பிப் பார்த்தேன். தரையில் யாரோ ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"டீச்சர், ஈரம் பரவிடுச்சு போலிருக்கு. இடுப்புக்கிட்ட கொஞ்சம் உள்ள தள்ளிப் போடேன்."

"பரவல்லக்கா. நீங்கதான்."

என்னிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோடு போட்டு முடித்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்: "நீங்க மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா பாத்திருப்பீங்கக்கா. கண்ணை எடுத்திருக்கவே மாட்டீங்க." வாழ்க்கையில் என் எட்டிப் பார்க்கிற புத்தியை ஒருவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது இனிக்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் படுக்கலையா?" என்று பேச்சை மாற்றினேன்.

"முதுகுப் பிடிப்பாம். கட்டாயப்படுத்தல. அவரு அப்ப மேலதானே இருந்தாரு. அவர்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

படம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பொய் சொல்லக் கூடாது, அற்புதமாக இருந்தது. வெளிர்நீலத் தரையில் ஆளுயர உருவங்கள், ஒன்றையொன்று தொடாமல், கையைக் காலை வீசிக்கொண்டு. முகம் என்று எதுவும் வரையவில்லை. ஆனால் இடுப்பைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். காய்ந்த குளத்துக்குள் இறங்கி நடந்தால் நம்மைச் சுற்றிக் குடியிருப்பே நீந்திக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"என்னம்மா, எனக்கு விரலே இல்ல?" என்று செக்ரட்டரி குறைப்பட்டார்.

"நீங்க விரிக்கவே இல்ல சார்."

அவளுக்கு மட்டும் முகத்தில் வெளிச்சம் இல்லை. அத்தனை பேரைப் படுக்க வைத்து எழுப்பியும், அவள் கேட்டது கிடைக்கவில்லை. கடைசி நாள் பிரஷ்களைக் கழுவிக்கொண்டே, "போதும்க்கா. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். அந்த நீலத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பை ஓட விட்டார்கள். குடியிருப்பு முழுவதும் குளக்கரையில் திரண்டது. பிஸ்கட், டீ, மைக்கில் செக்ரட்டரியின் உரை. முதலில் கணுக்கால் அளவு தண்ணீர். உருவங்கள் மேல் வெயில் நெளிந்தது, கைதட்டல். முழங்கால் அளவு. "ஏய், நான் ஆடறேன் பாரு!" என்றான் ஜிம் தம்பி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது குளம் நிரம்பி, தண்ணீர் அசைவு அடங்கியிருந்தது.

முன்னால் போய் எட்டிப் பார்த்தவர்கள் ஓர் அடி பின்னால் வந்தார்கள்.

நாங்கள் எல்லோரும் அதைத் தரையில் நின்று பார்த்தவர்கள். நடந்து பார்த்தவர்கள். தண்ணீர் நிறைந்தால் அதை மேலே கரையில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும் என்பது இத்தனை பேரில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. படிப்பாளிகள், பட்டதாரிகள், சங்கம், தீர்மானம், கையெழுத்து எல்லாம் இருந்தும் எட்டவில்லை. நீந்துகிறவர் தண்ணீருக்கு மேலே இருப்பார். அடியில் கிடக்கிறவர் நீந்துகிறவர் இல்லை. ஆளுயர ஆழத்துக்குக் கீழே, மல்லாந்து, கைகளை விரித்து, வெயில் நெளிய நெளிய, குடியிருப்பு மொத்தமும் செத்துக் கிடந்தது.

என் இடுப்பை நான் பார்த்தேன்.

"அது நான்தானே" என்றாள் பல் டாக்டரம்மா. கத்தவில்லை. யாரிடமோ வழி கேட்பது போலக் கேட்டாள். "அந்த முடி... அது நான்தானே?"

டீச்சரைப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் அவள் முகத்தை அப்போது பார்த்தவள். அவள் எங்களைவிட அதிகமாக ஆடிப்போயிருந்தாள். "எனக்குத் தெரியல" என்றாள் யாரிடமும் இல்லாமல். "கீழ நின்னு வரைஞ்சேன். எனக்கு இது தோணவே இல்ல."

"தண்ணியைத் திறந்து விடுங்கப்பா, சீக்கிரம்!" என்று செக்ரட்டரி மைக்கிலேயே கத்தினார்.

அப்போதுதான் டீச்சரின் வீட்டுக்காரர் பேசினார். எப்போது வந்தார் என்று தெரியாது. எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"இப்படித்தான் இருந்தான்."

டீச்சர் திரும்பினாள்.

"இப்படியேதான் கிடந்தான். கண்ணைத் திறந்து மேல பாத்துக்கிட்டு." அவர் பார்வை தண்ணீரை விட்டு நகரவில்லை. "வேடிக்கை காட்டறான்னு நினைச்சேன். எப்பவும் காட்டறதுதானே. கையாட்டினேன். ஆட்டிட்டுத்தான் துண்டெடுக்க மேல போனேன்."

இவ்வளவு நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "நானும் பாத்தேன் டீச்சர்" என்றான் ஜிம் தம்பி. "நாங்க கைகூடத் தட்டினோம்." "கண்ணிமைச்ச மாதிரி இருந்துச்சே, அதனாலதான்..." என்று டாக்டரம்மா. செக்ரட்டரி மைக்கை அணைக்க மறந்து, "எல்லாரும் பாத்தோம்மா, விளையாடறான்னுதான்..." என்றார், அது ஒலிபெருக்கியில் குடியிருப்பு முழுவதும் கேட்டது. நான் வீடு வீடாக அலைந்து சேர்க்க முடியாத செய்தி, இரண்டு நிமிடத்தில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டு வந்தது.

டீச்சர் அதில் எதையும் காதில் வாங்கவில்லை. ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த பதில், தினமும் தன் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வர மாட்டேன் என்று சொன்னவள், வரவில்லை. மெதுவாகப் படியேறி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நான் எவ்வளவு காதைத் தீட்டியும் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலைக்குள் குளம் வடிந்திருந்தது. படத்தைச் சுரண்ட ஆள் வருகிறது என்றார்கள். அதற்கு முன் அவர்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி வந்தார்கள். பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. டீச்சர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நானும் போயிருக்கலாம். போகவில்லை.

இருவரும் ஏணியில் இறங்கினார்கள். தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது.

"எங்க?" என்றாள்.

அவர் ஆழமான பக்கம் நடந்து, இரண்டு உருவங்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் நின்றார்.

"தலை எந்தப் பக்கம்?"

காட்டினார்.

"கை?"

"ஒண்ணு வயித்து மேல. ஒண்ணு இப்படி." தன் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"துடிச்சானா?"

"இல்ல. நான் பாத்தப்ப இல்ல. சும்மா இருந்தான்."

அவள் தலையாட்டினாள். பிறகு, போட்டிருந்த உடுப்போடு, அந்த ஈரத்தில் படுத்தாள். அவர் சொன்ன திசையில் தலை; ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கை பக்கத்தில்.

"என்ன செய்யற? எந்திரிம்மா. எந்திரி."

"நீங்க மேல போங்க."

"வேணாம்."

"மேல போய் நில்லுங்க. அன்னைக்கு எங்க நின்னீங்களோ அங்க. கடைசியா அவன் எதைப் பாத்தான்னு நான் பாக்கணும்."

அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு ஏணியைப் பிடித்து ஏறினார். கரையில் நடந்து, ஆழமான பக்கத்து விளிம்புக்கு வந்து நின்று கீழே பார்த்தார். அவள் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள்.

"கையாட்டுங்க."

அவருடைய கை தோள்வரை வந்து நின்றது. மறுபடியும் தூக்கினார். இரண்டு தடவை அசைத்தார். யாரோ தூரத்தில் போகிறவருக்குக் காட்டுவது போல இருந்தது.

"இப்படித்தானா?"

"ம்."

"சிரிச்சீங்களா அப்ப?"

அவர் பார்வையை மறுகரைக்குத் திருப்பினார். அவள் அசையவில்லை. மறுபடியும் கேட்டாள், அதே குரலில், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைக் கேட்ட அதே குரலில்.

"சிரிச்சேன்" என்றார்.

"அப்ப சிரிங்க."

அவர் உதடுகளை விரித்தார். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. கீழே அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.